ஒரே கூடத்தில் ஸ்டீரியோவும் ஹோம் தியேட்டரும்: எதை முதலில் வைப்பது?

அரசலாறு, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் இசைக்கென்று ஒரு ஸ்டீரியோ நெடுநாளாக இருக்கிறது. நேட் நிறுவனத்தின் பழைய இன்டகிரேட்டட் ஆம்ப், தரையில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு சிடி பிளேயர், ஒரு டர்ன்டேபிள் ஆகியவை அதில் அடக்கம். கேட்பது பெரும்பாலும் நாகஸ்வரமும் வாய்ப்பாட்டும்தான். அவற்றிலும் பாதிக்கு மேல் என் தந்தையார் சேர்த்து வைத்த எல்பி தட்டுகள். இப்போது அதே கூடத்தில் 55 அங்குல டிவியும் 5.1 ஹோம் தியேட்டரும் வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள். வேறு அறை கிடையாது.

கூடம் 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் கொண்டது. தரை சிவப்பு சிமெண்ட். சுவர்கள் செங்கல் கட்டுமானம், சுண்ணாம்புப் பூச்சு. இடப்பக்கச் சுவரில் முற்றத்தைப் பார்த்த அகலமான வாசல் ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். வலப்பக்கம் முழுச் சுவர்.

கடைக்காரர் ஒருவர், பழைய ஆம்பையும் ஸ்பீக்கர்களையும் கொடுத்துவிட்டு ஐந்து ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் (அடிக்குரலுக்கான தனிப் பெட்டி) சேர்ந்த பெட்டித் தொகுப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு, தியேட்டருக்குத் தனியாக வேறொரு ஜோடி முன் ஸ்பீக்கர்களை வைக்கலாம் என்கிறார். 12 அடி அகலத்தில் நான்கு ஸ்பீக்கர்களை நிறுத்தினால் டிவிக்கே இடம் இராது. என் ஸ்பீக்கர்களையே இரண்டுக்கும் பயன்படுத்த வழி உண்டா? இசையின் தரம் குறையக்கூடாது என்பதே என் முதல் கவலை.

வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

வழி உண்டு, அரசலாறு. அந்த ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரே அறையில் இரண்டும் வேண்டும் என்றால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களை இசைக்காகத் தேர்ந்து, இசைக்காகவே நிறுத்த வேண்டும். சென்டர் (நடு ஸ்பீக்கர்), சரவுண்டு (பக்கவாட்டு ஸ்பீக்கர்கள்), சப்வூஃபர் ஆகிய அனைத்தும் அவற்றின் இடத்தைக் கெடுக்காமல் சுற்றி வந்து சேர வேண்டும். திரைப்படத்தில் வசனத்தின் பெரும்பகுதியைச் சென்டர் ஸ்பீக்கர் ஏற்றுக்கொள்கிறது, அதிர்வைச் சப்வூஃபர் ஏற்றுக்கொள்கிறது, மேலும் கண் திரையில் இருக்கிறது. ஆகவே முன் ஸ்பீக்கர்களின் சிறு குறைகள் படத்தில் தெரியாமல் போகலாம். ஆனால் ஒரு தம்பூராவின் சுருதி தொடர்ந்து ஒலிக்கும் பதிவில் அதே குறைகள் முதல் நிமிடத்திலேயே வெளியே வந்துவிடும். எனவே கடினமான வேலைக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தால் எளிய வேலை தானாகவே நடந்துவிடும்.

இணைக்கும் முறைக்கு வருகிறேன். படத்தின் ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஏவி ரிசீவரில், முன் இடது, முன் வலது சேனல்களுக்கு ‘ப்ரீ அவுட்’ என்ற சிறு சமிக்ஞை வெளியீடு இருக்க வேண்டும். அதிலிருந்து ஸ்டீரியோ ஆம்பின் ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ உள்ளீட்டுக்கு ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள் போகும். ஸ்பீக்கர்கள் எப்போதும் ஸ்டீரியோ ஆம்பிலேயே இணைந்திருக்கும். படம் பார்க்கும்போது ஆம்பின் வால்யூம் குமிழ் விலகிக்கொள்ள, ஒலியளவை ரிசீவரே நிர்வகிக்கும். இசை கேட்கும்போது ரிசீவரை இயக்கவே வேண்டியதில்லை. தட்டு, ஆம்ப், ஸ்பீக்கர் என்று பாதை முன்பு போலவே குறுகியதாக இருக்கும்.

ரிசீவர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டுமே ப்ரீ அவுட் இருக்கும், முன் சேனல்களுக்கு இராது. கடையில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல், பின்பக்கத்தைத் திருப்பி, ‘ஃப்ரண்ட்’ என்று எழுதிய ப்ரீ அவுட் துளைகளைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மாயூரத்தார், மயிலாடுதுறை

நண்பர் வெண்ணாற்றங்கரை அவர்களின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் இரண்டு ஆம்ப் எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல ஏவி ரிசீவர் ஒன்றே இரண்டு வேலைகளையும் செய்யும். அதில் ‘டைரக்ட்’ அல்லது ‘ப்யூர் டைரக்ட்’ என்ற நிலை உண்டு. அதை அழுத்தினால் சரவுண்டு செயலாக்கம் விலகி இரண்டு சேனல்கள் மட்டும் ஒலிக்கும்.

அதைவிட முக்கியமானது, ரிசீவர்களில் வரும் அறைத் திருத்த வசதி. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, வேறு சிலவற்றில் டிராக் லைவ் என்று பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான். ஒரு மைக்கை இருக்கையில் வைத்து அறையின் ஒலியை அளந்து, மிகும் இடத்தைக் குறைக்கிறது. செங்கல் சுவரும் சிமெண்ட் தரையும் உள்ள நம் வீடுகளில் குறைந்த அதிர்வெண் ஒலி அறையை விட்டு வெளியேறாமல் உள்ளேயே சுழல்கிறது. பலகைச் சுவர் கொண்ட வெளிநாட்டு வீடுகளில் அதில் ஒரு பகுதி சுவர் வழியே கசிந்து போய்விடும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் திருத்தம் இல்லாத பழைய ஆம்பைவிடத் திருத்தம் உள்ள ரிசீவரில் இசை தெளிவாக வர வாய்ப்பு அதிகம். இரண்டாவது ஆம்புக்கு ஆகும் பணத்தைச் சென்டர் ஸ்பீக்கரில் போடலாம் என்பது என் எண்ணம்.

வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

மாயூரத்தார் சொல்லும் அறைத் திருத்தத்தின் பயனை நான் மறுக்கவில்லை. குறைந்த அதிர்வெண்களில் அது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் ‘டைரக்ட்’ நிலையில் அந்தத் திருத்தமும் சேர்ந்தே விலகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் பெற முடியாது. திருத்தத்தோடு ஸ்டீரியோ கேட்க வேண்டுமானால் ‘ஸ்டீரியோ’ நிலையைத் தேர வேண்டும். இரண்டாவதாக, இவரிடம் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. அதை விற்றால் பெரிய தொகை கிடைக்கப்போவதில்லை.

மூன்றாவது செய்தி நம் பகுதி ரசிகர்களுக்கே உரியது. அரசலாறு கேட்பவற்றில் பாதி பழைய நாகஸ்வரத் தட்டுகள். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். ஸ்டீரியோ எல்பி தட்டுகள் விற்பனைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அவர் வாசித்து நமக்குக் கிடைப்பவை எல்லாம் மோனோ பதிவுகள். மோனோ பதிவில் இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி இருக்கும். ரிசீவர் தவறுதலாக ‘டால்பி சரவுண்டு’ போன்ற விரிவாக்க நிலையில் இருந்தால், இரண்டு சேனல்களுக்கும் பொதுவான ஒலியை வசனம் என்று கருதி முழுவதையும் சென்டர் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். கூடத்தின் இரு பெரிய ஸ்பீக்கர்களும் ஊமையாக நிற்க, அவர் வாசித்த தோடி ராகம் முழுவதும் டிவிக்குக் கீழே இருக்கும் சிறிய பெட்டியிலிருந்து வரும். ரிசீவரை மட்டும் நம்பி இசை கேட்பவர்கள், ஒவ்வொரு முறையும் எந்த நிலையில் இருக்கிறது என்று திரையைப் பார்த்துவிட்டே தட்டில் முள்ளை வைக்க வேண்டியிருக்கும். வீட்டில் முந்தைய இரவு வேறு யாராவது படம் பார்த்திருந்தால் நிலை மாறியிருக்கும்.

இசை கேட்க உட்காருபவருக்கு இந்தக் கவனச் சிதறல் வேண்டாம் என்பதால்தான் தனிப் பாதையை வலியுறுத்துகிறேன். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். ஒரு சுவிட்சைப் போட்டுத் தட்டை வைத்தால் பாட்டு வர வேண்டும்.

மாயூரத்தார், மயிலாடுதுறை

மோனோ பற்றிய கருத்தை ஏற்கிறேன். அது நான் எண்ணிப் பார்க்காத கோணம். படங்களையே அதிகம் பார்க்கும் வீடாக இருந்தால் என் ஆலோசனை மாறாது. இந்த வீட்டுக்கு உங்கள் வழியே பொருந்தும்.

அரசலாறு, கும்பகோணம்

இருவருக்கும் நன்றி. ஆம்பின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ‘பைபாஸ்’ என்று எதுவும் இல்லை. ஆனால் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று எழுதிய இரண்டு ஜோடித் துளைகளை, லாடம் போல் வளைந்த இரண்டு சிறு உலோகக் கவ்விகள் இணைத்திருக்கின்றன. இவற்றை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயர்களை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆம்புகளிலும் இணைத்துவிடலாமா? கடையில் ஒருவர் அப்படிச் செய்யலாம் என்றார்.

கொள்ளிடக்கரை, சீர்காழி

மன்னிக்க வேண்டும், இதற்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரை ஒரே நேரத்தில் இரண்டு ஆம்புகளின் வெளியீட்டில் ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒன்று அணைந்திருந்தாலும் இணைக்கக் கூடாது. ஒரு ஆம்பின் மின்னோட்டம் மற்றதன் வெளியீட்டுக்குள் புகுந்து டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். ஆம்ப் பழுது பார்ப்பதே என் தொழில். ஸ்பீக்கர் ஒயர்களைப் பிரித்துப் போட்டுக் கருகிய வெளியீட்டு நிலைகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

உங்களிடம் இருக்கும் கவ்விகள் ஒரு நல்வாய்ப்பு. இன்டகிரேட்டட் ஆம்ப் என்பது உண்மையில் இரண்டு கருவிகள். வால்யூமும் தேர்வும் கொண்ட ப்ரீ ஆம்ப் ஒரு பாதி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் மறுபாதி. அந்தக் கவ்விகள் இரண்டையும் வெளியே இணைக்கின்றன. அவற்றைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிறகு இரண்டு உள்ளீடு, ஒரு வெளியீடு கொண்ட சாதாரண ஆர்சிஏ தேர்வுப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். மின்சாரம் தேவைப்படாத, வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டி போதும். ஆம்பின் ‘ப்ரீ அவுட்’டிலிருந்து அதன் முதல் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள், ரிசீவரின் முன் சேனல் ப்ரீ அவுட்டிலிருந்து இரண்டாவது உள்ளீட்டுக்கு ஒரு கேபிள், பெட்டியின் வெளியீட்டிலிருந்து ஆம்பின் ‘மெயின் இன்’னுக்கு ஒரு கேபிள். சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் இசை, மறுபக்கம் இருந்தால் தியேட்டர். விலை உயர்ந்த ஆம்புகளில் ‘பைபாஸ்’ என்று எழுதியிருப்பது செய்யும் வேலையை இது முழுமையாகச் செய்யும். இங்கே மாற்றப்படுவது சிறிய சமிக்ஞைதான். ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய மின்னோட்டம் இல்லை. ஆகவே ஆபத்து எதுவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். ‘மெயின் இன்’னுக்கு முன்னால் நேட்டின் வால்யூம் குமிழ் இராது. ரிசீவரின் வால்யூம் உச்சத்தில் இருக்கும்போது சுவிட்சைத் திருப்பினால் முழு ஒலியும் ஸ்பீக்கருக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் ஒலியளவை இறக்கிவிட்டுத் திருப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ரிசீவர் மெனுவில் அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் வைத்துவிடுங்கள்.

கவ்வி இல்லாத ஆம்ப் வைத்திருப்பவர்கள் ரிசீவரின் ப்ரீ அவுட்டை ‘ஆக்ஸ்’ உள்ளீட்டில் கொடுத்து, ஆம்பின் குமிழை ஒரே இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்ளலாம். ரிசீவரின் மைக் அளவீட்டையும் அதே நிலையில்தான் செய்ய வேண்டும். குமிழ் நகர்ந்தால் முன் ஸ்பீக்கர்களுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள சமன் கெட்டுவிடும். அப்படி இணைப்பவர்கள் ஆம்பின் ‘ரெக்கார்டு அவுட்’டை ரிசீவருக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ரிசீவரில் அந்த உள்ளீட்டையும் ஆம்பில் ‘ஆக்ஸ்’ஸையும் தேர்ந்துவிட்டால் ஒலி வட்டமிட்டு ஊளையிடத் தொடங்கும்.

திருவாரூர் தெற்கு வீதி

இணைப்பு முடிந்தது. இனி அறையைப் பார்ப்போம். என் கருத்தில் இந்த விவாதத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்க வேண்டும்.

அரசலாறு தந்த அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இரு சுவர்களுக்கு இடையில் ஒலி முன்னும் பின்னும் போய்த் தேங்கும் அதிர்வெண்ணைக் காண, ஒலியின் வேகத்தை அந்த இடைவெளியின் இருமடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரியில், ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 20 அடி நீளம் 6.1 மீட்டர், அதன் முதல் தேக்கம் 29 ஹெர்ட்ஸ் அளவிலும் இரண்டாவது 57 ஹெர்ட்ஸ் அளவிலும் வரும். 12 அடி அகலத்துக்கு 48 ஹெர்ட்ஸ். 10 அடி உயரத்துக்கு மீண்டும் அதே 57 ஹெர்ட்ஸ். நீளம் உயரத்தின் சரியான இருமடங்காக இருப்பதால் இரண்டு தேக்கங்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சில படங்களில் வெடிச் சத்தம் முடிந்த பிறகும் அறை முனகிக்கொண்டிருப்பது போலத் தோன்றினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இசையில் மிருதங்கத்தின் தொப்பியும் (அடிக்குரல் தரும் இடப்பக்கம்) தவிலில் கழி விழும் பக்கமும் தேவைக்கு மேல் பருத்துக் கேட்கும்.

உயரத்தையும் நீளத்தையும் மாற்ற முடியாது, இருக்கையை மாற்றலாம். நீளவாக்கில் அந்த 57 ஹெர்ட்ஸ் தேக்கம் அறையின் நட்டநடுவில் உச்சத்தில் இருக்கும், பின்சுவரிலிருந்து கால்பங்கு தூரத்தில், அதாவது 5 அடியில், மிகக் குறைவாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் சோபா நடுவிலோ பின்சுவரை ஒட்டியோதான் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களுமே இந்த அதிர்வெண்ணுக்குக் கெட்ட இடங்கள். ஆனால் முழுதாக 5 அடிக்குப் போனால் ஸ்பீக்கர்கள் வெகுதூரத்தில் நின்று, ஸ்டீரியோவின் விரிவு சுருங்கிவிடும். ஸ்பீக்கர்களுக்கும் கேட்பவருக்கும் இடையில் 60 டிகிரி கோணம் வேண்டும் என்பது பொது விதி. உங்கள் அகலத்தில் ஸ்பீக்கர்களை 8 அடி இடைவெளிக்கு மேல் விரிக்க முடியாது. ஆகவே ஸ்பீக்கர்களை முன்சுவரிலிருந்து 4 அடி வெளியே இழுத்து, இருக்கையை முன்சுவரிலிருந்து 13 அடியில் வைக்கச் சொல்வேன். கோணம் 48 டிகிரி கிடைக்கும். 57 ஹெர்ட்ஸ் உச்சத்திலிருந்தும் விலகிவிடுவீர்கள். முன்சுவரை விட்டு வெளியே வந்ததால் ஸ்பீக்கரின் அடிக்குரலும் தெளியும். இருக்கைக்குப் பின்னால் 7 அடி மிச்சம் இருக்கும். சரவுண்டு ஸ்பீக்கர்களைக் காதுக்குச் சற்றுப் பின்னால், நேர்முன்னிலிருந்து 110 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது 5.1 அமைப்புக்கான ஐடியூவின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை. அதற்கும் அந்த இடம் பயன்படும்.

டிவியை முன்சுவரிலேயே பொருத்துங்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே முன்னால் இழுத்து வைக்காதீர்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் ஒரு பெரிய கண்ணாடிப் பரப்பு நின்றால் ஒலி அதில் பட்டுத் தெறித்துப் பாடகரின் இடத்தைக் குலைக்கும். 4 அடி பின்னால் போய்விட்டால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இசை கேட்கும் நேரத்தில் ஒரு கனத்த ஜமக்காளத்தை டிவியின் மேல் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும். ஷோகேஸ் அடித்து அதற்குள் ஸ்பீக்கரை அடைக்க யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

அரசலாறு, கும்பகோணம்

ஸ்பீக்கர்களையும் இருக்கையையும் திருவாரூர் நண்பர் சொன்ன இடங்களுக்கு மாற்றிவிட்டேன். அடிக்குரலில் ஏற்பட்ட மாற்றம் வியப்பாக இருக்கிறது. தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எழுந்து அடங்குகிறது. முன்பு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு குறை தெரிகிறது. மோனோ தட்டு ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டேன். நாகஸ்வரம் சரியாக நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஏறத்தாழ ஓரடி தள்ளி நிற்கிறது. ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் பார்த்தும் வலப்பக்கமே நிற்பதால், ஆம்பிலோ தட்டிலோ கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

திருவாரூர் தெற்கு வீதி

மிகச் சரியான சோதனை. மோனோ தட்டைவிட நேர்மையான அளவுகோல் ஸ்டீரியோ அமைப்புக்கு வேறு இல்லை.

காரணம் உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது. இடப்பக்கம் முற்றத்து வாசல் திறந்திருப்பதால் அங்கே போகும் ஒலி திரும்பி வருவதில்லை. வலப்பக்கம் முழுச் சுவர். வலது ஸ்பீக்கரின் ஒலி அதில் பட்டு, நேர் ஒலிக்குப் பின் ஏறத்தாழ 2 மில்லி நொடியில் உங்கள் காதுக்கு வந்து சேர்கிறது. இவ்வளவு விரைவில் வரும் எதிரொலியைக் காது தனி ஒலியாகப் பிரித்து அறியாது, அதை நேர் ஒலியோடு சேர்த்து எண்ணி, பிம்பத்தை அந்தப் பக்கம் இழுத்துவிடும்.

பட்டுத் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் இருக்கையில் அமர, மற்றொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வலப்பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்த வேண்டும். கண்ணாடியில் வலது ஸ்பீக்கர் தெரியும் இடமே அது. உங்கள் அளவுகளின்படி ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டேகால் அடி தூரத்தில், காது உயரத்தில் இருக்கும். அங்கே 4 அடிக்கு 2 அடி சட்டத்தில் 4 அங்குலக் கனத்துக்கு ராக்வுல் அடைத்துப் பருத்தித் துணி போர்த்தி மாட்டுங்கள். ராக்வுல் கிடைக்காவிட்டால், நம் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார் மெத்தைப் பலகையை அதே கனத்தில் வைக்கலாம். கோரைப்பாய் மட்டும் போதாது. அவ்வளவு மெல்லிய பொருள் உச்ச அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும், நாகஸ்வரத்தின் உடல் இருக்கும் நடுப்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே ஓரிரு அங்குலம் விட்டால் பலனும் கூடும், மழைக்காலத்தில் சுவர் ஈரம் சட்டத்தில் ஏறாமலும் இருக்கும்.

அது சரியான பிறகு ஒரு நல்ல ஸ்டீரியோ கச்சேரிப் பதிவை வையுங்கள். மிருதங்கம் வாசிப்பவர் பாடகரின் வலக்கைப் பக்கம், வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கம்) சபையைப் பார்க்க அமர்வது வழக்கம். எனவே மேடை அமைப்பை மாற்றாமல் பதிவு செய்திருந்தால், மிருதங்கம் உங்கள் இடது ஸ்பீக்கர் பக்கமும் வயலின் வலது பக்கமும் பாடகர் நடுவிலும் தோன்ற வேண்டும். இடக்கை மிருதங்க வித்துவானாக இருந்தால் இது மாறும்.

வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்

சென்டர் ஸ்பீக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன் ஸ்பீக்கர்களின் அதே நிறுவனம், கூடுமானால் அதே வரிசையில் வாங்குங்கள். குரல் திரையின் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வரும்போது குரலின் தன்மை மாறக் கூடாது. பொருத்தமானது கிடைக்கவில்லையென்றால் அவசரப்பட்டு வேறொன்றை வாங்க வேண்டாம். ரிசீவர் மெனுவில் சென்டர் இல்லை என்று குறிப்பிட்டால், அதற்குரிய வசனம் இரு முன் ஸ்பீக்கர்களுக்கும் சமமாகப் பிரிந்து, நடுவில் இருப்பவருக்குத் திரையிலிருந்தே வருவது போலக் கேட்கும். ஓரத்தில் உட்காருபவர்களுக்குத்தான் சென்டர் கட்டாயம் தேவை. கூரையில் துளையிட்டு, மேலிருந்து ஒலி தரும் அட்மாஸ் ஸ்பீக்கர் மாட்ட யாராவது சொன்னால், மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கியது) உள்ள பழைய வீட்டில் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். உங்கள் தேவைக்கு 5.1 நிறைவாக இருக்கும்.

அரசலாறு, கும்பகோணம்

வலச் சுவரில் தென்னை நார்ப் பலகை மாட்டியாயிற்று. நாகஸ்வரம் நடுவுக்கு வந்துவிட்டது. மனமார்ந்த நன்றி.

ரிசீவரும் வந்துவிட்டது, தேர்வுப் பெட்டியும் போட்டாயிற்று. ஆனால் ரிசீவரை இணைத்த நாள் முதல் மெல்லிய ‘ம்ம்ம்’ என்ற ஒலி தொடர்ந்து கேட்கிறது. தேர்வுப் பெட்டியை இசைப் பக்கம் வைத்தாலும் நிற்கவில்லை. அத்துடன், சப்வூஃபரை இசைக்கும் பயன்படுத்த முடியுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கொள்ளிடக்கரை, சீர்காழி

அந்த ஒலி பெரும்பாலும் எர்த் வட்டத்தால், அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து வட்டமாவதால், வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் அப்படித்தான் ஒலிக்கும். பல தேர்வுப் பெட்டிகள் சமிக்ஞைக் கம்பியை மட்டும் மாற்றும், எர்த் இரண்டு பக்கமும் இணைந்தே இருக்கும். அதனால்தான் இசைப் பக்கத்திலும் கேட்கிறது. முதலில் செட் டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் வெளியிலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறுபட்ட மின்னழுத்தத்தில் இருக்கின்றன என்று பொருள். கேபிள் ஒயருக்கான ஐசோலேட்டர் ஒன்றை இடையில் போட்டால் தீரும். நிற்கவில்லையென்றால் ஆம்ப், ரிசீவர், சப்வூஃபர், டிவி அனைத்துக்கும் ஒரே சுவர்ப் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரிசீவருக்கும் தேர்வுப் பெட்டிக்கும் இடையில் ஒலி ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். ஒலி நிற்கும், ஆனால் கசிவு ஏற்பட்டால் தொடுபவர் உயிருக்கு ஆபத்து.

இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ஆம்பை அதில் ஓட்ட வேண்டாம். சைன் அலை வகையாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்கி வையுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபின் பல ஊர்களில் நீண்ட நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இடைவெளிக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் நேரத்தில் அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். விளக்கு சீராக எரிவதைப் பார்த்த பிறகே கருவிகளை இணைக்க வேண்டும்.

சப்வூஃபரைப் பொறுத்தவரை, ஆர்இஎல் போன்ற சில நிறுவனங்களின் சப்வூஃபர்களில் ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுக்கும் உள்ளீடும் ரிசீவரிலிருந்து வரும் எல்எஃப்இ (படத்தின் அடிக்குரல் சேனல்) உள்ளீடும் தனித்தனியே இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். முதலாவதை நேட் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தும் இரண்டாவதை ரிசீவரிலிருந்தும் கொடுங்கள். நேட்டின் கையேட்டைப் பார்த்து அதன் ஸ்பீக்கர் எதிர்முனைகள் (மைனஸ்) இரு சேனல்களுக்கும் பொதுவானவைதாமா என்று உறுதிசெய்துகொண்டு இணைக்க வேண்டும். ரிசீவரில் முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்றும் கிராஸ்ஓவரை (அடிக்குரல் சப்வூஃபருக்குப் பிரியும் அதிர்வெண்) 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்தால், படத்தில் அடிக்குரல் முழுவதும் எல்எஃப்இ வழியாகவே போகும், இரட்டிப்பாகாது. இசையில் ரிசீவர் அணைந்திருக்க, ஸ்பீக்கர் முனை வழியாகச் சப்வூஃபர் ஒலிக்கும். அந்த உள்ளீட்டின் கிராஸ்ஓவரை உங்கள் ஸ்பீக்கர் இறங்கி நிற்கும் இடத்தில், பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, அளவைச் சப்வூஃபர் இருப்பதே தெரியாத வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

திருவாரூர் தெற்கு வீதி

சப்வூஃபரின் இடத்தைக் கண்டுபிடிக்க, அதை முதலில் உங்கள் இருக்கையிலேயே வைத்து அடிக்குரல் சீராக நடக்கும் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பிறகு முன்சுவர் ஓரமாகத் தரையளவு குனிந்து நகர்ந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரங்களும் ஒரே கனத்தில் கேட்கின்றனவோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். கூடத்தின் மூலை அநேகமாகப் பொருந்தாது.

ரிசீவரின் மைக் அளவீட்டை இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்யுங்கள். மைக்கைச் சோபாவின் மேல் வைக்காமல் ஒரு முக்காலியில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்து, தெருச் சத்தமும் மோட்டார் பம்பும் ஓய்ந்த பின்னிரவில் அளந்தால் நல்லது. முற்றத்து வாசல் வழக்கமாகக் கேட்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே திறந்திருக்கட்டும். மூடிவிட்டு அளந்தால், திறந்து கேட்கும்போது அந்தக் கணக்கு பொருந்தாது.

அரசலாறு, கும்பகோணம்

கேபிள் ஒயரைக் கழற்றியதும் ஒலி நின்றுவிட்டது. ஐசோலேட்டருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்முனைகள் பற்றி நேட் கையேட்டில் பார்த்து எழுதுகிறேன்.